நீர் ஊற்றும் முன்: திருமுழுக்குக்குக் குடும்பம் ஆயத்தமாவது

கத்தோலிக்க வீட்டில் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானப் பேச்சு தொடங்கிவிடும். எந்த ஞாயிறு, எந்தக் கோயில், யார் ஞானத்தகப்பன், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். பெற்றோர் தங்கள் பங்குக்கு எதற்குத் தயாராக வேண்டும் என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. பங்கு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்து, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் தயாரிப்பு முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். திருச்சபைச் சட்டமும் திருமுழுக்குச் சடங்கு நூலும் எதிர்பார்ப்பது இதைவிட நிறைய. அவை பெற்றோரிடம் கேட்பதைப் போலவே பங்கிடமும் கேட்கின்றன. குடும்பம் எழுதித் தேற வேண்டிய பரீட்சையாக இந்தத் தயாரிப்பு நம்மிடையே ஆகிவிட்டது. பங்கு குடும்பத்துக்குச் செய்து தர வேண்டிய கடமையாகவே அதை நான் பார்க்கிறேன். வரலாறு, சட்டம், சடங்கு, நடைமுறை என நான்கிலும் அதற்குச் சான்று இருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு தொடங்குவதே இந்தச் சிக்கலோடுதான். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்கு வந்த ஆபத்து, போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடிக் கொச்சிக்குப் போன தூது, அதன் பின்னே வந்த குருக்கள் என்று எல்லாம் விரைந்து நடந்தன. தண்ணீர் ஊற்றியாயிற்று, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் மக்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதையும் அதே கடிதம் சொல்கிறது.

அவர் செய்த அடுத்த வேலைதான் நமக்கு முக்கியம். இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றுக்கொண்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். திருமுழுக்குக்கு முன் நடக்காத குடும்பத் தயாரிப்பு, பின்னால் பிள்ளைகள் வழியாக நடந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே என்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இந்திய மண்ணில் தமிழில் அச்சான முதல் புத்தகம் பதினாறு பக்கச் சிறு மறைக்கல்வி நூல் என்பதை நம் பங்குகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

மதுரை மிஷனில் கதை வேறு. ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்த பிறகு அங்கே படிப்பினை முதலில் வந்தது, தண்ணீர் பிறகு வந்தது. அந்தத் தயாரிப்பு வாழ்க்கையையே மாற்றச் சொன்னது. மறவர் தலைவர் தடியத் தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று அந்த மிஷனின் குரு அருளானந்தர் நிபந்தனை வைத்தார். 1693 ஜனவரியில் தேவர் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவரது முறையீடு பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலையை வாங்கியது. ஒருவர் கிறிஸ்தவராகத் தயாரானதன் சுமை, விலக்கி அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் மேலும் விழுந்தது. அவர்களுக்கு என்ன ஆனது என்று நாம் அதிகம் பேசியதில்லை, பேசியிருக்க வேண்டும். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளையின் வீட்டில் இது வேறு விதமாக நடந்தது. தெலனாய் என்ற டச்சுப் படைத்தலைவரோடு நட்பாகப் பேசிப் பேசியே அவர் ஆயத்தமானார். மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ என்ற பெயரில் அவரோடு சேர்ந்தார். ஒருவரிடம் தொடங்கியது வீட்டுக்குள்ளும் வந்தது.

இவை பெரியவர்களின் கதைகள். கைக்குழந்தைகள் விஷயத்தில் பல நூற்றாண்டுகளாக ஆட்சி செய்தது அவசரம். கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்குச் சற்றுத் தள்ளிப்போடலாம் என்று எழுதியிருக்கிறார். அகுஸ்தீனார் முப்பது வயது கடந்து, 387-ல் மிலானில்தான் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் அந்தத் தயக்கம் மறைந்து, திருமுழுக்கில்லாமல் குழந்தை இறந்தால் என்ன ஆகும் என்ற பயம் முன்னுக்கு வந்தது. 1917-ன் சட்டத் தொகுப்பு கூடிய விரைவில் கொடுக்கச் சொன்னது. பிறந்த சில நாட்களில் பாட்டியோ அத்தையோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். பெற்றவள் வீட்டில் பச்சை உடம்போடு படுத்திருப்பாள். குருவானவர் லத்தீனில் குழந்தையைப் பார்த்தே கேள்வி கேட்பார். குழந்தையின் சார்பில் ஞானத்தகப்பன் பதில் சொல்வார். அந்தச் சடங்கில் தாய்க்கு இடமே இல்லை.

இதை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963-ல் வெளியான திருவழிபாட்டு ஆவணம், குழந்தைத் திருமுழுக்குச் சடங்கு அவர்கள் குழந்தைகள் என்ற உண்மைக்கு ஏற்ப அமைய வேண்டும், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியோரின் பங்கும் கடமையும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது. 1969-ல் வந்த புதிய சடங்கு நூல், திருச்சபை வரலாற்றில் குழந்தைகளுக்கென்றே தனியாக அமைந்த முதல் திருமுழுக்குச் சடங்கு. அதற்கு முன் இருந்தது பெரியவர்களின் சடங்கைச் சுருக்கிச் செய்தது. புதிய சடங்கில் கேள்விகள் நேராகப் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேட்கப்படுகின்றன: அவர்களுடைய விசுவாசம் என்ன, எதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் வாயாகப் பேசிய காலம் முடிந்து, தன் வாயால் தனக்காகப் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்தது. பெற்றோருக்குத் தயாரிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

தாயின் உடல்நிலையும் அந்த நூலில் இடம்பெறுகிறது. தாயும் உடனிருக்கும்படி நாளைக் குறிக்க வேண்டும், பெற்றோரைத் தயார்படுத்தப் போதிய நேரம் வேண்டும் என்று அது சொல்கிறது. 1983-ன் சட்டத் தொகுப்பு 867-ஆம் எண்ணில் முதல் சில வாரங்களுக்குள் என்கிறது. பிறந்ததுமே, ஏன், பிறப்பதற்கு முன்பேகூடப் பங்குத்தந்தையைப் பார்த்துத் திருமுழுக்கைக் கேட்டு, அதற்கு முறையாக ஆயத்தமாகும்படியும் பெற்றோருக்குச் சொல்கிறது. நம் பங்குகளில் கண்ணில் படாமலே கிடப்பது 851-ஆம் எண். பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பங்குத்தந்தை தாமோ பிறர் வழியாகவோ தயார்செய்ய வேண்டும். அறிவுரையாலும் சேர்ந்து செபிப்பதாலும் செய்ய வேண்டும். பல குடும்பங்களை ஒன்றாகக் கூட்ட வேண்டும். முடிந்தால் வீடு தேடிப் போக வேண்டும். இந்த வாசகம் முழுவதும் பங்கின் கடமையைப் பற்றியது. குடும்பம் எத்தனை வகுப்புக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

தயாரிப்பு இல்லாத குறையைச் சடங்கின்போதே காணலாம். வாசலில் குழந்தையின் பெயரைக் குருவானவர் கேட்கும்போது அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார். திருச்சபையிடம் எதைக் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு சின்ன மௌனம், பிறகு உபதேசியார் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும் பதில். குழந்தையின் நெற்றியில் பெற்றோரே சிலுவை வரைய வேண்டிய இடத்தில், போட்டோக்காரருக்காக ஒரு முறை, போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை. ஆயத்த எண்ணெய் பூசுவது குழந்தையின் மார்பில். கடையில் வாங்கிய வெள்ளை கவுனுக்கு ஹூக்கெல்லாம் முதுகுப்பக்கம், கழுத்துவரை லேஸ், உள்ளே ஒரு பனியன். ஞானத்தாயும் பாட்டியும் சேர்ந்து கழற்றப் பார்க்க, குழந்தை வீறிட்டு அழ, கடைசியில் எண்ணெய் கழுத்தோரம் ஒரு துளி தொட்டதோடு முடிகிறது. பிறகு வரும் வெண்ணாடைச் சடங்கும் குழம்புகிறது. திருமுழுக்குக்குப் பின்தான் வெண்ணாடை உடுத்துவிக்க வேண்டும். முன்பே வெள்ளையில் வந்த குழந்தையின் மேல் கைக்குட்டை அளவு துணியைப் போர்த்துகிறோம். முன்பக்கம் திறக்கும் எளிய சட்டை ஒன்றில் குழந்தையைக் கொண்டுவந்து, கிறிஸ்மா தைலம் பூசிய பிறகு கவுனைப் போட்டுவிட்டால் சடங்கு தன் பொருளைத் தானே சொல்லும். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல பங்கிலிருந்து ஒருவர் இருந்தால் போதும்.

நாள் குறிப்பதில் இன்று அவசரத்துக்கு நேர் எதிரான சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில், நாற்பது நாள் கழியட்டும் என்பார்கள், பிறகு துபாயிலோ குவைத்திலோ இருக்கும் மாமாவுக்கு லீவு கிடைக்க வேண்டும், மண்டபம் காலியாக இருக்க வேண்டும். ஆறு மாதம், சில வீடுகளில் இரண்டு மூன்று வருடங்கள்கூட. ஏழு வயது நிரம்பிவிட்டால் சட்டம் அந்தப் பிள்ளையைப் பெரியவர்களின் வரிசையில் வைத்துத் தனி ஆயத்தம் கேட்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தாயின் உடல் தேறும்வரை காத்திருப்பது முறையானது. சடங்கு நூலே அதைச் சொல்கிறது. விருந்துக்காகக் காத்திருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. தாய்வீட்டுப் பங்கில் கொடுப்பதா, அப்பாவின் பங்கில் கொடுப்பதா என்பதும் வழக்கமான வாக்குவாதம். பெற்றோர் வசிக்கும் பங்குதான் சட்டப்படியான இடம். தக்க காரணம் இருந்தால் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அம்மாவின் ஊரில் கொடுக்கலாம்.

பழைய பயத்தை மட்டும் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் இருப்பதாக 2007-ல் அனைத்துலக இறையியல் ஆணையத்தின் ஆவணம் சொன்னது. அதே சமயம் உயிருக்கு ஆபத்து என்றால் தாமதிக்கவே கூடாது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குரு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரியான எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் நீர் ஊற்றி மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்கு அளிக்கலாம், அது முழுத் திருமுழுக்கே. குழந்தை பிழைத்து வீடு திரும்பினால் கோயிலில் மற்றச் சடங்குகளை நிறைவுசெய்வார்கள். மறுபடி நீர் ஊற்ற மாட்டார்கள். ‘நான்’ என்று தொடங்க வேண்டிய வாய்பாட்டில் ‘நாங்கள்’ என்று மாற்றிச் சொன்னால் செல்லாது என்று 2020-ல் உரோமை அறிவித்தது. அந்த ஒரு வரியை ஒவ்வொரு தாதியும் ஒவ்வொரு தகப்பனும் மனப்பாடமாக வைத்திருக்கும்படி பங்கு கற்றுத்தர வேண்டும்.

ஞானப்பெற்றோரைத் தேர்வதில்தான் குடும்பத்தின் உண்மையான மனம் தெரியும். சட்டம் கேட்பது ஒருவர், அல்லது ஆணும் பெண்ணுமாக இருவர். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெற்ற கத்தோலிக்கராக, ஏற்கும் பொறுப்புக்கு இசைய வாழ்பவராக இருக்க வேண்டும், பெற்ற தாய் தந்தையாக இருக்கக்கூடாது. நம் வீடுகளில் நடப்பது உறவுக் கணக்கு. தாய்மாமனைக் கேட்காவிட்டால் கோபம். போன முறை அந்தப் பக்கம், இந்த முறை இந்தப் பக்கம். செயின் போடும் வசதி உள்ளவருக்கு முன்னுரிமை. இதில் பழைய சட்டம் ஒரு முடிச்சைப் போட்டிருந்தது. 1917 தொகுப்பின்படி ஞானத்தகப்பனுக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே ஞான உறவு உண்டாகி, அது திருமணத் தடையாகும். மாமன் மகளை மணக்கும் வழக்கமும் அக்காள் மகளை மணக்கும் வழக்கமும் உள்ள சமூகத்தில், இரத்த உறவுத் தடையோடு இந்தத் தடைக்கும் விலக்கு கேட்க வேண்டியிருந்தது. 1983 தொகுப்பில் அந்தத் தடை இல்லை. உறவினரைத் தேர்வது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த உறவினர் ஞாயிறு பூசைக்குப் போகிறவரா, பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அதனிடம் செபத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதவரா என்பதை மட்டும் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பதிலாக ஒருவரை நிறுத்தி ஞானத்தகப்பனாக்குவதைவிட, அதே தெருவில் இருக்கும் அன்பியத் (பங்கின் சிறு குழு) தலைவியை ஞானத்தாயாக்குவது பிள்ளைக்கு நல்லது.

சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பெண்ணெடுத்த வீடுகள் கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் நிறைய. அங்கே பெண்ணின் அண்ணன் ஞானத்தகப்பனாக முடியாது. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். இதை முன்கூட்டியே மரியாதையாக எடுத்துச் சொன்னால் அவர் நிறைவாக வந்து நிற்பார். திருமுழுக்குத் தொட்டியருகில் வைத்துச் சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு.

பெயர் விஷயம் சீக்கிரம் முடியக்கூடியது. 1704-ல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் வெளியிட்ட ஆணை, உரோமைப் புனிதர் பட்டியலிலிருந்தே பெயர் வைக்க வேண்டும் என்றது; திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் பழைய சடங்கை இங்குள்ளவர்கள் அருவருத்ததால் மிஷனரிகள் விட்டிருந்ததையும் கண்டித்தது. இன்றைய சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதோடு நிற்கிறது. இனியன், கயல் என்று நல்ல தமிழ்ப் பெயர் வைக்கத் தடையேதும் இல்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழிலும் கோயில் பதிவேட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தில் இருக்கட்டும். பிறப்புப் பதிவில் பன்னிரண்டு மாதம்வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். கல்யாணத்தின்போது புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்பார்கள். அன்று இரண்டு பெயர்களோடு அலைபவர்கள் ஏராளம்.

இந்தப் பதிவேடு சில குடும்பங்களுக்குப் பெரும் பாரம். 1950-ன் ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சாதிச் சான்றிதழை மறுத்த உச்ச நீதிமன்றம் அவர் கைக்குழந்தையாகப் பெற்ற திருமுழுக்கின் பதிவையும் கணக்கில் எடுத்தது. இதற்குப் பின் ஒரு தலித் தாய் பங்கு அலுவலக வாசலில் தயங்கி நின்றால், அவளுடைய விசுவாசம் போதாது என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மதம் மாறியதற்காகத் தீண்டாமை நின்றுவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை பார்த்த திருச்சபை நம்முடையது. தயாரிப்பு வகுப்பில் இதைப் பற்றி வாய் திறந்து பேசுகிற பங்குதான் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறும்.

அடுத்தது பணம். சந்தா பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் ஞானஸ்நானம் என்று சில ஊர்களில் நிற்க வைக்கிறார்கள். வறியவர் வறுமையின் காரணமாக அருளடையாளங்களை இழக்கக்கூடாது என்று சட்டம் 848-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. ஊர்க் கணக்கை ஊர்க் கூட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தையை அதற்குப் பிணை வைக்கக் கூடாது. கல்யாணம் கோயிலில் நடக்காத தம்பதியர், தனித்து நிற்கும் தாய் என்று வருகிறவர்களுக்கும் இதே கதவடைப்பு நடக்கிறது. திருச்சபை சுங்கச்சாவடி அல்ல என்று 2013-ல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். திருமண முறையில் குறையிருந்த தம்பதியரின் குழந்தைக்கு 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே அவர் திருமுழுக்கு அளித்தார்.

அப்படியானால் யாருக்கும் தள்ளிப்போடவே கூடாதா? பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை அறவே இல்லாதபோது, காரணத்தைச் சொல்லித் தள்ளிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1980-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, நம்பிக்கைக்கு அடிப்படையாக எந்த உறுதிமொழியையும் ஏற்கலாம் என்கிறது. அதைப் பெற்றோர்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. ஞானப்பெற்றோர், தாத்தா பாட்டி, பங்குச் சமூகம் என்று யாராவது ஏற்றுக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கோயில் வாசலே தெரியாவிட்டாலும், தினமும் செபமாலை சொல்லும் ஆச்சி அந்த வீட்டில் இருந்தால் அங்கே நம்பிக்கை இருக்கிறது. தள்ளிவைத்தபின் அந்தக் குடும்பத்தை மறந்துவிடுவதுதான் தவறு. தள்ளிவைத்த நாளிலிருந்து பங்கின் வேலை கூடுகிறது.

நடைமுறையில் இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும் என்றே சொல்வேன். மாதத்தில் ஒரு ஞாயிறு திருமுழுக்கு என்று குறித்துவிட்டால், அந்த மாதத்துக் குடும்பங்கள் தாமாகவே ஒரு குழுவாகின்றன. அன்பியத்தில் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏழாம் மாதத்திலேயே இருவர் வீட்டுக்குப் போய்வரலாம். பிறந்த பிறகு மூன்று மாலைச் சந்திப்புகள் போதும். முதல் சந்திப்பு வீட்டில், தாத்தா பாட்டியோடு, ஏன் இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்கிறோம் என்று அப்பாவும் அம்மாவும் தங்கள் சொற்களில் சொல்லட்டும். இரண்டாவது கோயிலில், ஞானப்பெற்றோரோடு, தொட்டி, தைலம், பாஸ்கா திரி எல்லாவற்றையும் கிட்டே நின்று பார்த்து, கேள்வி பதிலை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. மூன்றாவது, ஏற்கெனவே பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்து ஐந்தாறு வருடம் ஆன ஒரு தம்பதியோடு. இரவில் பிள்ளையோடு எப்படிச் செபிக்கிறார்கள், எது நின்றுபோயிற்று என்று அவர்கள் மறைக்காமல் பேச வேண்டும்.

நேரம் குறிக்கும்போது அப்பாவை மனதில் வைக்க வேண்டும். கடலோரப் பங்குகளில் வார நாள் மாலையில் கூட்டம் வைத்தால் அம்மாக்கள் மட்டுமே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத ஊர்களில் ஞாயிறு சாயங்காலம்தான் சரியான வேளை. ஷிப்ட் வேலைக்காரர்கள் உள்ள ஊரில் இரண்டு வேளை வைக்க வேண்டியிருக்கும். வகுப்புக்கு வராத அப்பாவைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதை விட்டு, அவர் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்த நேரத்துக்குப் போகலாம்.